ஸ்லோ குக்கர் சில்லி: ஆட்ட நாளில் கோளாறு வந்தால்

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் நடக்கும் ஞாயிறன்று டெக்சஸ் நேரப்படி மாலை 5.30-க்கு ஆட்டம் தொடங்கும். விருந்தினர் 4.30 மணிக்கே வந்துவிடுவார்கள். காலையில் ஸ்லோ குக்கரில், அதாவது மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரத்தில், ஏற்றிய சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பு அதற்குள் தயாராகிவிட வேண்டும். ஆகவில்லையே, என்ன செய்வது என்று மதியத்துக்கு மேல் தொலைபேசியில் கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வேகவில்லை, தண்ணீராக இருக்கிறது, காரம் தாங்கவில்லை, பீன்ஸ் கடிபடுகிறது என்று கேள்விகளும் பெரும்பாலும் அவையேதான். விடைகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் பாத்திரத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 6 குவார்ட் குக்கருக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை லிட்டருக்கு. இறைச்சி 2 பவுண்டு, 15 அவுன்ஸ் பீன்ஸ் டின் இரண்டு, 28 அவுன்ஸ் தக்காளி டின் ஒன்று, இறைச்சிச் சாறு ஒரு கப். எட்டு முதல் பத்துப் பேர் சாப்பிடலாம். ‘லோ’வில் 8 மணி நேரம் அல்லது ‘ஹை’யில் 4 மணி நேரம். பீன்ஸ் போட்டதைச் சில்லி என்று ஒப்புக்கொள்ளாத டெக்சஸ்காரர்கள் நிறைய உண்டு. 1977-இல் சட்டமன்றமே சில்லியை மாநில உணவாக அறிவித்த இடம் இது. ஆனாலும் கூட்டத்துக்குச் சமைக்கும்போது பீன்ஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு பொருள்கள் கையருகே இருக்கட்டும்: உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று, அடி கனமான பெரிய பாத்திரம் ஒன்று. ஸ்லோ குக்கரில் தொடங்கியதை ஸ்லோ குக்கரிலேயே முடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கீழே வரும் தீர்வுகளில் பாதி அடுப்பில்தான் முடிகின்றன. நேரம் போய்க்கொண்டிருக்கும்போது குக்கரை நம்பிக் காத்திருப்பதுதான் விருந்தைக் கெடுக்கிறது. குக்கரின் பீங்கான் உள்பாத்திரத்தை மட்டும் அப்படியே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்; விரிசல் விடும்.

பாத்திரம் சூடாகவே இல்லை

*விளக்கு எரியவில்லை என்றால்*

பிளக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். அதே பிளக் பாயிண்டில் வேறொரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். அமெரிக்கச் சமையலறை மேடையருகே ‘டெஸ்ட்’, ‘ரீசெட்’ என்று இரண்டு பொத்தான்கள் உள்ள பிளக் பாயிண்ட் இருக்கும். ஈரம் பட்டாலோ மின்கசிவு இருந்தாலோ அது தானாகத் துண்டித்துக்கொள்ளும். ‘ரீசெட்’டை அழுத்துங்கள். உங்கள் பிளக்கில் அந்தப் பொத்தான் இல்லாவிட்டாலும் மேடையின் மறுகோடியில் உள்ள பொத்தான் இதற்கும் சேர்த்து வேலை செய்யலாம். அதையும் அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு பிரேக்கர் பெட்டியைத் திறந்து பாருங்கள். சுவர் சுவிட்சோடு இணைத்த பிளக்குகளும் உண்டு. யாராவது விளக்கை அணைப்பதாக நினைத்துக் குக்கரை அணைத்திருக்கலாம்.

வேறு பிளக்கிலும் உயிர் வரவில்லை என்றால் குக்கர் போய்விட்டது. அதைத் திறந்து பழுது பார்க்க உட்கார வேண்டாம். உள்ளே இருப்பதை அடுப்புக்கு மாற்றுங்கள்.

*விளக்கு எரிகிறது, சூடு ஏறவில்லை என்றால்*

முதலில் குமிழைப் பாருங்கள். ‘லோ’ என்று நினைத்து ‘வார்ம்’ வைத்திருப்பதுதான் மிகச் சாதாரணமான காரணம். ‘வார்ம்’ என்பது வெந்ததைச் சூடாக வைத்திருப்பதற்கு மட்டுமே. பச்சை இறைச்சியை அது வேகவைக்காது. டிஜிட்டல் குக்கரில் நேரத்தைக் குறைவாகக் கொடுத்திருந்தால், அது முடிந்ததும் தானாக ‘வார்ம்’ நிலைக்குப் போய்விடும்.

அடுத்தது மூடி. கரண்டிக் காம்பு இடையில் மாட்டியிருந்தால் ஆவி முழுக்க வெளியே போகும். மூடியைத் திறந்து திறந்து பார்த்தாலும் இதே கதிதான். ஒருமுறை திறந்தால் சமைக்கும் நேரம் 20 முதல் 30 நிமிடம் கூடும். வீட்டில் யாருக்கு ஆவல் அதிகமோ அவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

பிறகு அளவு. பாத்திரத்தில் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பியது வேக மணிக்கணக்காக இழுக்கும். பாதியை அடுப்புக்கு மாற்றுங்கள்.

உறைந்த இறைச்சியை அப்படியே போட்டிருந்தாலும், முந்தைய இரவே எல்லாவற்றையும் கலந்து உள்பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் எடுத்து ஏற்றியிருந்தாலும், சூடேற மிகவும் தாமதமாகும். தாமதத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. 40 முதல் 140 டிகிரி பாரன்ஹீட் வரை, அதாவது 4 முதல் 60 செல்சியஸ் வரை உள்ள வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். இந்த எல்லைக்குள் உணவு நெடுநேரம் கிடக்கக் கூடாது. இனி டிகிரி என்று மட்டும் சொன்னால் அது பாரன்ஹீட்தான்.

அதனால் வெப்பமானியை நடுவில் குத்துங்கள். 140-க்கு மேல் இருந்தால் ‘ஹை’க்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள். 140-க்குக் கீழே இருந்து, ஏற்றி இரண்டு மணி நேரத்துக்குள்தான் ஆகிறது என்றால் உடனே அடுப்புக்கு மாற்றிக் கொதிக்கவிடுங்கள். குக்கர் அணைந்தோ ‘வார்ம்’ நிலையிலோ இருந்து, பச்சை இறைச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பில் கிடந்துவிட்டது என்றால் கொட்டிவிடுங்கள். மனம் வராது என்று தெரியும். ஆனால் சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. நீங்கள் வெளியே போயிருந்தபோது மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டாலும் இதே விதிதான். பார்க்க வெந்ததுபோல் இருந்தாலும் பரிமாறாதீர்கள்.

*ஒவ்வொரு முறையும் தாமதமாகிறது என்றால்*

சூடேற்றும் கம்பி பலவீனமாகியிருக்கலாம். ஆட்டத்துக்கு முந்தைய வாரமே சோதித்துவிடுங்கள். உள்பாத்திரத்தில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி மூடி, ‘லோ’வில் 8 மணி நேரம் வையுங்கள். மூடியைத் திறந்தவுடனே வெப்பத்தைப் பாருங்கள். தாமதித்தால் எண் இறங்கிவிடும். 185 முதல் 200 டிகிரி பாரன்ஹீட் வரை இருந்தால் குக்கர் நலமாக இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் புதிது வாங்குங்கள். பழைய குக்கரை ‘ஹை’யில் வைத்துச் சமாளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டென்வர் போன்ற உயரமான ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 202 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் சரியாக இருந்தாலும் நேரம் கூடும். காலையில் முன்னதாகவே ஏற்றுங்கள்.

கறி ரப்பர் மாதிரி இருக்கிறது

*பெரிய துண்டு, இழுத்தால் பிரியவில்லை*

இன்னும் வேகவில்லை என்பதுதான் பொருள். மாட்டின் தோள்பகுதியான ‘சக்’ இறைச்சியில் இணைப்புத் திசு நிறைய இருக்கும். 160 டிகிரியில் உண்பதற்குத் தீங்கில்லாத நிலை வந்துவிடும். ஆனால் முள்கரண்டியால் பிரிகிற மென்மை 195-ஐத் தாண்டி, அங்கே கொஞ்ச நேரம் நின்ற பிறகே வரும். முதலில் ‘ஹை’க்கு மாற்றுங்கள். ‘லோ’வும் ‘ஹை’யும் கடைசியில் போய்ச் சேரும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான், சேரும் வேகம்தான் வேறு. அதனால் மாற்றினால் கறி கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குமேல் கையில் இல்லையா? துண்டுகளைத் தனியே எடுத்து ஒரு அங்குல அளவுக்கு நறுக்கி, கொஞ்சம் குழம்பும் ஒரு கப் தண்ணீரும் சேர்த்துப் பிரஷர் குக்கரில் வையுங்கள். முழு அழுத்தத்தில் 25 நிமிடம் போதும். விசில் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும், கடிகாரத்தைப் பாருங்கள். வெந்ததைத் திரும்ப ஸ்லோ குக்கரில் சேர்த்துவிடலாம்.

*மெல்லிய துண்டு, வறண்டு நார் நாராக இருக்கிறது*

இது எதிர்த்திசைக் கோளாறு. கொழுப்பில்லாத பகுதியை வாங்கி நெடுநேரம் வைத்ததால் வருவது. மேலும் வேகவைத்தால் மேலும் வறளும். நாருக்குக் குறுக்காகப் பொடியாக நறுக்கிக் குழம்பில் ஊறவிடுங்கள். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. அடுத்த முறை ‘சக்’ வாங்குங்கள். விலையும் பெரும்பாலும் குறைவுதான்.

*அரைத்த இறைச்சி, கட்டி கட்டியாக இருக்கிறது*

வாணலியில் வதக்கி உதிர்க்காமல் நேராகக் குக்கரில் போட்டதால் வந்தது. உருளைக்கிழங்கு மசிப்பானால் பாத்திரத்திலேயே குத்தி உடையுங்கள். உடைத்த கட்டியின் நடுவில் வெப்பத்தைப் பாருங்கள். மாட்டிறைச்சி 160, வான்கோழியும் கோழியும் 165 டிகிரி காட்ட வேண்டும்.

பீன்ஸ் கடிபடுகிறது

இந்தத் தலைப்பை மட்டும் அவசரத்திலும் முழுதாகப் படியுங்கள்.

*டின் பீன்ஸ் போட்டிருந்தால்*

கவலைப்பட ஒன்றும் இல்லை. டின்னில் உள்ளது ஏற்கெனவே முழுதாக வெந்தது. ஓரளவு கெட்டியாக இருப்பது அந்த வகையின் இயல்பு. ஒரு கரண்டி எடுத்து மசித்துச் சேர்த்தால் போதும்.

*உலர்ந்த ராஜ்மாவைப் போட்டிருந்தால்*

பரிமாறுவதை நிறுத்துங்கள். “இன்னும் ஒரு மணி நேரம் வைத்தால் வெந்துவிடும்” என்று மூடி வைக்காதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் இயல்பாகவே லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் அழியாது. 80 செல்சியஸ் அளவில் அரைகுறையாக வெந்த ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிடக் கூடுதல் நஞ்சாகவும் மாறக்கூடும். நான்கைந்து கொட்டைகளே வாந்தி வரவைக்கப் போதும். நம் வீடுகளில் இந்தச் சிக்கல் தெரியாமலே போனதற்குக் காரணம் பிரஷர் குக்கர். ஊறவைத்து, தண்ணீரை வடித்து, விசில் வைத்து வேகவைக்கும் வழக்கத்திலேயே பாதுகாப்பும் அடங்கியிருந்தது. அதே ராஜ்மாவை ஸ்லோ குக்கருக்கு மாற்றும்போது அந்தப் பாதுகாப்பு கழன்றுவிடுகிறது.

ஊறவைத்த ராஜ்மாவைக் குக்கரில் போட்டுவிட்டீர்கள், இன்னும் யாரும் சாப்பிடவில்லை என்றால், எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்துக்கு மாற்றி, தாராளமாகத் தண்ணீர் சேர்த்து, தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஓரத்தில் மட்டும் குமிழி வருவதைக் கொதி என்று கணக்கில் எடுக்காதீர்கள். 30 நிமிடத்துக்குப் பிறகும் இரு விரலிடையே அழுத்தினால் நசுங்கவில்லை என்றால் பிரஷர் குக்கருக்குக் கொண்டுபோங்கள். குழம்பு கெட்டியாக இருந்தால் அடிபிடிக்கும். தண்ணீர் சேர்த்துத் தளர்த்திய பிறகே மூடுங்கள். தக்காளியின் புளிப்பில் பீன்ஸ் வேகப் பிடிவாதம் பிடிக்கும், பழைய சரக்காக இருந்தால் இன்னும் அதிகம். ஊறவே வைக்காத ராஜ்மாவைக் காலையில் போட்டு மாலையில் கண்டுபிடித்தீர்கள் என்றால், ஆட்டத்துக்குள் அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். இறைச்சி, டின் தக்காளி, டின் பீன்ஸ் வைத்து அடுப்பில் முக்கால் மணி நேரத்தில் புதிதாக ஒரு சில்லி முடித்துவிடலாம்.

அடுத்த முறைக்கு: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவைத்து, அல்லது பிரஷர் குக்கரில் முழுதாக வேகவைத்து, பிறகு ஸ்லோ குக்கரில் சேருங்கள்.

*யாராவது சாப்பிட்டுவிட்டால்*

ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும், அதைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கும் வரலாம். பெரும்பாலானவர்கள் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள். அமெரிக்காவில் இருந்தால் நச்சுத் தடுப்பு மையத்தின் இலவச எண் 1-800-222-1222. நாள் முழுவதும் பேசலாம். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் சாப்பிட்டிருந்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் அழையுங்கள்.

தண்ணீராக இருக்கிறது

ஸ்லோ குக்கரில் ஆவி அதிகம் வெளியேறாது. வெங்காயமும் தக்காளியும் விடும் நீர் அப்படியே உள்ளே நிற்கும். அடுப்புச் சில்லிக்கு எழுதிய அளவில் சாறு ஊற்றினால் இப்படித்தான் ஆகும். செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள்.

மூடியை எடுத்துவிட்டு ‘ஹை’யில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். ஒரு கப் பீன்ஸை எடுத்து மசித்துச் சேருங்கள். இரண்டும் சேர்ந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

போதவில்லை என்றால் மாசா ஹரினா. டார்டில்லா என்ற மெக்சிகோ ரொட்டி செய்வதற்கான, சுண்ணாம்பு நீரில் பதப்படுத்திய மக்காச்சோள மாவு இது. டெக்சஸில் எந்தக் கடையிலும் கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டி மாவைக் கால் கப் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளறி, இன்னும் 20 நிமிடம் வையுங்கள். கெட்டியாவதோடு சோளத்தின் மணமும் சேரும். சில்லிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மாசா இல்லாவிட்டால் உப்பில்லாத சோளச் சிப்ஸை நொறுக்கிப் போடுங்கள். கார்ன்ஃபிளவரும் கெட்டியாக்கும், ஆனால் பளபளப்பான வழவழப்பு வந்துவிடும். மைதா வேண்டாம்; பச்சை வாசனை போகாது.

ஆட்டம் தொடங்க அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இவை எதுவும் வேண்டாம். குழம்பை மட்டும் அகலமான பாத்திரத்தில் வடித்து, பெருந்தீயில் பாதியாகச் சுண்டவைத்துத் திரும்ப ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலை. சுண்டினால் உப்பும் கூடும் என்பதை மறக்காதீர்கள்.

காரம் தாங்கவில்லை

தமிழ் வீடுகளில் இதற்கு ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்கச் செய்முறையில் ‘சில்லி பவுடர் 3 மேசைக்கரண்டி’ என்று இருக்கும். அந்தப் பொடி காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஒரிகானோ, பூண்டுப் பொடி எல்லாம் கலந்த மசாலா. நம் அஞ்சறைப்பெட்டியில் இருப்பதோ வெறும் மிளகாய்த்தூள். அளவுக்கு அளவு போட்டால் யாராலும் சாப்பிட முடியாது.

சரிசெய்ய ஒரே நேர்மையான வழி, அளவைக் கூட்டுவது. இன்னொரு தக்காளி டின், இன்னும் இரண்டு பீன்ஸ் டின், கிடைத்தால் வதக்கிய இறைச்சி அரை பவுண்டு. குக்கரில் இடம் இல்லாவிட்டால் பாதியை எடுத்து உறைபெட்டிக்கு வைத்துவிட்டு மீதியில் சேருங்கள். உருளைக்கிழங்கைப் போட்டால் காரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் சில்லி தித்திக்கும், காரமும் அப்படியே இருக்கும். மேசையில் சவர் கிரீம், துருவிய சீஸ், கார்ன் பிரெட் ஆகியவற்றை நிறைய வையுங்கள்; பால் பொருள்களே காரத்தை நாக்கிலிருந்து இறக்கும். ஆனால் சவர் கிரீமைக் கொதிக்கும் பாத்திரத்தில் கொட்டாதீர்கள், திரிந்துவிடும். கிண்ணத்தில் பரிமாறிய பிறகு மேலே போடுவதுதான் முறை.

அமெரிக்கப் பொடி கிடைக்காதபோது நான் போடும் அளவு: காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, சாதாரண மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, சீரகத்தூள் ஒரு மேசைக்கரண்டி, ஒரிகானோ ஒரு தேக்கரண்டி, பூண்டு ஆறு பல்.

சப்பென்று இருக்கிறது

முதலில் உப்பு. நெடுநேரச் சமையலில் கடைசியில்தான் உப்பின் நிலை தெரியும். சிறிது சிறிதாகப் போட்டுச் சுவையுங்கள். அடுத்தது புளிப்பு: ஒரு எலுமிச்சையின் சாறு, அல்லது ஒரு மேசைக்கரண்டி வினிகர். உப்பு குறைகிறது என்று நினைத்த பல சில்லிகளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது புளிப்புதான்.

அதன்பிறகும் ஆழம் இல்லை என்றால், மசாலாவைப் பச்சையாகத் தண்ணீரில் கொட்டியிருக்கிறீர்கள். இதற்கு நம் தாளிப்பைவிட நல்ல மருந்து கிடையாது. சிறு வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காயவைத்து, சிறுதீயில் சீரகத்தூளும் காஷ்மீரித் தூளும் அரை நிமிடம் பொரியவிட்டு, ஒரு கரண்டிக் குழம்பை அதில் ஊற்றிக் கலக்கி, எல்லாவற்றையும் குக்கரில் சேருங்கள். அரை நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். தூள் கருகினால் வருவது கசப்பு.

*சைவச் சில்லி சப்பென்று இருந்தால்*

காளானைப் பொடியாக நறுக்கி நீர் வற்றும்வரை நன்றாகச் சிவக்க வறுத்துச் சேருங்கள். இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், புகையூட்டிய சிபோட்லே மிளகாய் ஒன்று. இந்த இடத்தில் எச்சரிக்கை தேவை. வூஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் இருக்கும். சில ‘ரீஃப்ரைடு பீன்ஸ்’ டின்களில் பன்றிக்கொழுப்பு இருக்கும். சைவம் உண்பவர்கள் உங்களை நம்பித்தான் கிண்ணத்தை நீட்டுகிறார்கள். லேபிளைப் படியுங்கள், தனிக் குக்கரும் தனிக் கரண்டியும் வையுங்கள், எது என்ன என்று எழுதி ஒட்டுங்கள்.

கசக்கிறது

கருகிய பூண்டு, கருகிய மசாலா, அல்லது ‘வார்ம்’ நிலையில் ஓரத்தில் காய்ந்து பிடித்த குழம்பு. ஓரத்தில் பிடித்ததைச் சுரண்டி உள்ளே தள்ளாதீர்கள். அடிபிடித்த வாசனை வந்தால் கிளறாமல், மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, சுவைத்துப் பாருங்கள். இலேசான கசப்புக்கு ஒரு தேக்கரண்டி வெல்லமும் கொஞ்சம் தக்காளியும் போதும். கரிந்த சுவை முழுதும் பரவியிருந்தால் எதுவும் மறைக்காது.

மேலே எண்ணெய் மிதக்கிறது

பத்து நிமிடம் கிளறாமல் விட்டு, அகலக் கரண்டியால் ஓரத்திலிருந்து வழித்தெடுங்கள். வழித்ததைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். டின்னில் ஊற்றி ஆறவைத்துக் குப்பையில் போடுங்கள். அரைத்த இறைச்சியை முதலில் வதக்கிக் கொழுப்பை வடித்துவிட்டால் அடுத்த முறை இது இருக்காது.

பிரேக்கர் விழுகிறது, அல்லது வாசனை வருகிறது

ஆளுக்கொரு குக்கரோடு விருந்தினர் வரும் வீடுகளில் இது வழக்கம். 15 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு ஒன்று தாங்குவது 1800 வாட். ஒரு ஸ்லோ குக்கர் 200 முதல் 300 வாட் வரைதான் இழுக்கும், மூன்று வைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதே இணைப்பில் யாராவது 1500 வாட் மின்கெண்டியைப் போட்டவுடன் எல்லாம் அணையும். கெண்டியையும் ஏர் ஃபிரையரையும் வேறு சுவரில் செருகச் சொல்லுங்கள். நீட்டிப்புக் கம்பியில் குக்கர்களைக் கோத்து வைக்காதீர்கள்.

ஒரே ஒரு குக்கரைச் செருகினாலே பிரேக்கர் விழுகிறது என்றால் கோளாறு அந்தக் குக்கரில், ஒதுக்கிவையுங்கள். எந்தச் சாதனத்தைச் செருகினாலும் விழுகிறது, பிளக் பலகை கைக்குச் சுடுகிறது, பிளாஸ்டிக் எரியும் வாசனை வருகிறது என்றால், பிரேக்கரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மறுபடி மறுபடி பிரேக்கரை ஏற்றிப் பார்ப்பது ஆபத்து. புகையோ தீப்பொறியோ தெரிந்தால் எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

உள்பாத்திரத்தில் விரிசல் கண்டால் அதில் இருப்பதைப் பரிமாறாதீர்கள். சில்லு உணவில் விழலாம், நீர் கசிந்து மின்பகுதிக்கும் போகலாம். சூடான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

விருந்தினர் தாமதம், ஆட்டமும் நீள்கிறது

வெந்து முடிந்த சில்லியை ‘வார்ம்’ நிலையில் வையுங்கள், 140 டிகிரிக்கு மேல் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்தால் ஓரம் காயும், பீன்ஸ் குழையும். ஆட்டமே பெரும்பாலும் மூன்றரை மணி நேரத்தை ஒட்டி நீளும். 2017-இலும் 2024-இலும் கூடுதல் நேரத்துக்கே போனது. அதனால் தொடங்கும்போது பாதியைப் பரிமாறிவிட்டு, இடைவேளைக் கூட்டத்துக்கு ஒரு கப் கொதிக்கும் சாறு ஊற்றித் தளர்த்துங்கள். குளிர்ந்த சாறு ஊற்றினால் சூடு இறங்கிவிடும்.

வேறு வீட்டுக்கு எடுத்துச் செல்வதானால், மூடியின் கொக்கிகளைப் பயணத்தின்போது மட்டும் பூட்டுங்கள். சமைக்கும்போது பூட்டினால் ஆவிக்கு வழி இருக்காது. போய்ச் சேர்ந்ததும் உடனே செருகுங்கள்.

மீந்ததைச் சூடுபண்ண வேண்டும்

குக்கரை அணைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். உள்பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆறவே ஆறாது. இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாமல் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். மூன்று நான்கு நாள் இருக்கும். அதற்குமேல் என்றால் உறைபெட்டி.

மறுநாள் ஸ்லோ குக்கரில் போட்டுச் சூடேற்றாதீர்கள், அது ஏறும் வேகம் போதாது. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ 165 டிகிரி வரும்வரை சூடாக்கிய பிறகு, வேண்டுமானால் குக்கரில் ‘வார்ம்’ நிலையில் வையுங்கள்.

சாப்பிட்டவர்களில் யாருக்காவது வயிற்றுப்போக்கு மூன்று நாளைத் தாண்டினாலோ, அதில் இரத்தம் தெரிந்தாலோ, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி வந்தாலோ மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.